திண்டிவனத்துக்கு நேர் மேற்கே

சிங்கப்பூரிலிருந்து தங்கை போன் செய்தாள். "நீயும் சென்னைக்கே வந்துடுண்ணே. ஏர்போர்ட்டுலேருந்து சேர்ந்து போவோம். பிளேன்ல வந்தா உனக்கு ஒரு மணி நேரந்தானே?"

போக வேண்டியது திருவண்ணாமலைக்கு. அம்மா நாற்பது வருடம் விடாமல் சுற்றிய மலை அது. முழங்கால் தேய்ந்து வீட்டோடு ஆனபிறகு, "எனக்காக ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து சுத்திட்டு வாங்க" என்று கேட்டிருந்தார். மதுரைக்காரனுக்கு அந்த ஊருக்கு வழி சொல்ல யாரும் வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திருச்சி, உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று ஏழு மணி நேரத்தில் கோபுரத்தைப் பார்த்துவிடலாம். ஆனாலும் தங்கை கேட்டதற்காக மதுரை–சென்னை விமானத்தில் சீட்டு எடுத்தேன். பயண நேரம் ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது.

முதல்நாள் இரவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்கிறார்களே, அதை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்று பல நாளாகவே ஒரு கேள்வி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் ஆதாரப் புள்ளி குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, உருண்டையான பூமியின் மேல் இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோடுதான் விமான தூரம். மதுரை நிலையம் 9 பாகை 50 கலை வட அட்சத்தில் இருக்கிறது. சென்னை நிலையம் 12 பாகை 59 கலையில். வித்தியாசம் 189 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆக வடக்கே மட்டும் 350 கிலோமீட்டர் போக வேண்டும். கிழக்கே இரண்டு பாகையும் கொஞ்சமும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நேர்கோடு ஏறக்குறைய 416 கிலோமீட்டர் வருகிறது. அதே ஊர்களுக்கு ரயில் பாதை 490 கிலோமீட்டருக்கு மேல்.

அடுத்து மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்கு அளந்தேன். நேர்கோட்டில் 285 கிலோமீட்டர். நேர் விமானம் இல்லாத காரணத்தால் 416 கிலோமீட்டர் பறந்து, சென்னையிலிருந்து மறுபடி தென்மேற்காக 146 கிலோமீட்டர் திரும்பி வரப் போகிறேன். அந்த 146-ம் நேர்கோட்டுக் கணக்கு; சாலையில் அது 175-க்குக் குறையாது. புதுச்சேரி விமான நிலையம் 85 கிலோமீட்டரில் இருக்கிறது, சேலம் 120-ல், திருச்சி 166-ல். நான்கு பக்கமும் விமான நிலையங்கள் இருந்தும், மலை எதற்கும் அருகில் இல்லை.

பிறகு மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே அடிக்குச்சியை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு எந்தெந்த ஊர் மேல் விழுகிறது என்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதலில் திருச்சியை உரசிக்கொண்டு போகிறது. அப்புறம் விழுப்புரம். அதற்கடுத்து திண்டிவனம். திண்டிவனத்தின் அட்சரேகையும் திருவண்ணாமலையின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. அங்கிருந்து நேர் மேற்கே 63 கிலோமீட்டரில் மலை.

விழுப்புரம், திண்டிவனம் என்ற இரண்டு பெயர்களும் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போன இன்னொரு பயணத்தில் வருகிற பெயர்கள். 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு மாடி வீட்டிலிருந்து பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணமாகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டான். வீட்டிலிருந்த பழைய அட்லஸைப் பார்த்தான். அதில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று தெரிந்தது. ஆனால் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் பாதை போட்டு ரயிலே ஓடத் தொடங்கிவிட்டிருந்தது, அட்லஸ்தான் பழசு. ஸ்டேஷனுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அன்று ரயிலும் தாமதம். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். கையில் மிஞ்சியது மூன்று அணா.

ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான், விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும் என்று சொல்லித் திருத்தினார். ரமண மகரிஷி என்று பின்னால் உலகம் அறிந்தவரின் பயணத்துக்கு வழி காட்டியது, படிக்கப் பழகிய எவரும் நம்பக்கூடிய வரைபடமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். பெருங்குடி தாண்டி நிலையம். இறக்கைக்கடியில் சுழலி சுற்றும் சின்ன விமானம் அது, ஏ.டி.ஆர். என்பார்கள். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரை மறையாது. இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பதால் ஏறியதும் வளைந்து வடகிழக்கைப் பிடித்தது. சீட்டில் போட்டிருக்கும் ஒரு மணி இருபது நிமிடம் முழுவதும் ஆகாயத்தில் இருப்பதல்ல. நின்ற இடத்திலிருந்து சக்கரம் நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது வரை எல்லாம் அதற்குள் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் இருப்பவர்கள் இறங்கக் காத்திருப்பது, எதிர்க்காற்று என்று எல்லாவற்றுக்கும் அதில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். உண்மையாகப் பறந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

ஐப்பசி மழை மூன்று நாள் அடித்து ஓய்ந்த காலை. காற்றில் தூசியே இல்லை. இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். வெயில் காலத்தில் போயிருந்தால் வெறும் புழுதிப் படலத்தைத்தான் பார்த்திருப்பேன். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு வெள்ளிக் கோடுகளாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வளைத்துக் கிடந்தன. அதற்கப்புறம் நெடுநேரம் பச்சையும் ஏரிகளும்தான். நடுநாடு என்கிற அந்த நிலத்தில் எத்தனை ஏரிகள்! மழை முடிந்த கையோடு மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. தென்பெண்ணையைத் தாண்டினோம். விழுப்புரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் ரயில் பாதைகள் ஒன்றுகூடிப் பிரிந்தன. அதில் ஒரு கோடு வடமேற்காகத் தனியே போனது. காட்பாடிப் பாதை.

முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். முதலில் செஞ்சிக் குன்றுகள், கல்லைக் குவித்துக் கொட்டியது போல. அவற்றுக்குப் பின்னால், இன்னும் தூரத்தில், ஜவ்வாது மலையின் தொடர்ச்சிக்கு முன்னே, தனியாக ஒரு நீல முக்கோணம் நின்றது. 800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட மலை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்க நகம் அளவுதான். ஆனால் பக்கத்துணை இல்லாமல் ஒற்றையாக நிற்கிற மலை அந்தத் திசையில் வேறெது? அடுத்த இருக்கையில் இருந்த பெரியவரிடம், "ஐயா, அங்கே பாருங்க, அண்ணாமலை" என்றேன். அவர் என்னைத் தாண்டிக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பேசாமல் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்தார். மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்காது. விமானம் மூக்கைத் தாழ்த்திச் சென்னைக்கு இறங்கத் தொடங்கியது. எங்கே போக வேண்டுமோ அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.

தங்கையின் விமானம் முன்பே இறங்கியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரத்தில் வந்துவிட்டாள். குடியேற்றச் சோதனை, பெட்டி, வாடகைக் காரைத் தேடுவது எல்லாம் முடித்துத் விமான நிலையத்தை விட்டு வெளியேற மணி பன்னிரண்டாகிவிட்டது. தாம்பரம் வரைக்கும் ஊர்ந்தோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் வாசலில் ஒரு நெரிசல். 2023 டிசம்பர் கடைசியில் அது திறந்த பிறகு திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பலரும் கோயம்பேட்டை விட்டுவிட்டு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. விமானத்தில் வருகிறவர்களுக்கு இது ஒரு வகையில் நல்லது; நகரத்துக்குள் போகாமலே பஸ் பிடிக்கலாம். பரனூர் சுங்கச்சாவடி, மதுராந்தகம் ஏரி, மேல்மருவத்தூர், ஆத்தூர் சுங்கச்சாவடி. அச்சிறுபாக்கம் பக்கத்தில் சாப்பிட நிறுத்தினோம்.

"இன்னும் எவ்வளவு தூரம்ணே?"

"பாதிகூட வரலைம்மா."

"அங்கேருந்து இங்க வந்த நேரம் இதுக்கே ஆயிடும் போலயே."

அவள் சொன்னது அப்படியே ஆனது.

திண்டிவனத்தில் மேற்கே திரும்பி, கிருஷ்ணகிரி போகும் சாலையைப் பிடித்தோம். காலையில் எந்த ஊருக்கு மேலாகப் பறந்து போனேனோ அந்த ஊரில், ஆறு மணி நேரம் கழித்து, தரையில் நிற்கிறேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் கோரிக்கை. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அது ஒப்புதலும் பெற்றது. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. சென்னையிலிருந்து இன்று ரயிலில் வருகிறவர்கள் விழுப்புரம் வரை இறங்கியோ, வேலூர் வரை ஏறியோ சுற்றித்தான் வருகிறார்கள். 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் கன்டோன்மென்ட் மின்ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். கூலி வேலை செய்கிறவர்களும் வந்துபோகக் கூடிய கட்டணம். உண்மையிலேயே பெரிய உதவி. என்றாலும் மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேர நள்ளிரவாகிவிடுகிறது. வேங்கடராமனின் அட்லஸ் திண்டிவனத்தைப் பக்கத்து ஸ்டேஷனாகக் காட்டியது பிழையல்ல. நேர் வழி அதுதான். வழியைத்தான் யாரும் இன்னும் போட்டு முடிக்கவில்லை.

செஞ்சியில் ராஜகிரியும் கிருஷ்ணகிரிக் குன்றும் சாலையின் இரு பக்கமும் எழுந்து நின்றன. தங்கை படம் எடுத்தாள். கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது மலை முன்னால் வந்துவிட்டது. காலையில் நகம் அளவு இருந்தது இப்போது வானத்தில் பாதியை அடைத்தது. ராஜகோபுரத்துக்கு முன்னால் இறங்கியபோது மாலை மணி நாலரை. மதுரை வீட்டிலிருந்து பத்தரை மணி நேரம். பஸ்ஸில் வந்திருந்தால் ஒரு மணிக்கெல்லாம் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம்.

கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிந்த கோபுரம் அது. பதினொரு நிலை, 217 அடி. அம்மாவுக்கு அதை ஒரே பார்வையில் உச்சி வரை பார்க்க வேண்டும் என்பதால் எப்போதும் எதிர்ச்சாரிப் பூக்கடை வரை பின்னால் நடந்துபோய் நிமிர்வார். நாங்களும் அப்படியே செய்தோம்.

பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தோம். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் சுற்றுகிற பாதை இது. மற்ற நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் அமைதியாக இருக்கும். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு நடந்தோம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம். அதைத் தாண்டியபின் மலை தன் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு மலை. தங்கைக்குப் பழக்கமில்லாததால் அடிக்கடி உட்கார்ந்தோம். ஒரு டீக்கடை அம்மா, "எங்கேருந்தும்மா வர்றீங்க?" என்று கேட்டார். சிங்கப்பூர் என்றதும், "அவ்ளோ தூரமா!" என்று வியந்து, உட்கார ஸ்டூலைத் தூக்கிப் போட்டார். "இந்தச் சுத்துதான் தூரம், அம்மா. அது கிட்ட" என்றாள் தங்கை, பாதத்தைத் தடவிக்கொண்டே. 14 கிலோமீட்டர் நடக்க எங்களுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. சிங்கப்பூரிலிருந்து 2,900 கிலோமீட்டர் வந்ததும் நாலு மணி நேரம். சென்னையிலிருந்து 175 கிலோமீட்டர் வந்ததும், சாப்பாட்டைச் சேர்த்து, ஏறக்குறைய அதே கணக்கு. அம்மாவுக்கு போன் போட்டபோது மணி பன்னிரண்டரை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். தூங்காமல் காத்திருந்திருக்கிறார்.

திரும்பும்போது விமானம் வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். தங்கையும் மதுரைக்கு அம்மாவைப் பார்க்க வருகிறாள். திருக்கோவிலூர் பாதையில் புறப்பட்டு, ஊருக்கு முன்னாலேயே, பெண்ணையாற்றின் வடகரையில் அரகண்டநல்லூரில் இறங்கினோம். திருக்கோவிலூர் ரயில் நிலையம் உண்மையில் இந்தக் கரையில்தான் இருக்கிறது.

1896-ல் வேங்கடராமன் ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினான். கையிலிருந்த அணாக்களுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கே இறங்கிப் பாதையோரமாகப் பத்து மைல் நடந்து, பொழுது சாயும்போது வந்து சேர்ந்த இடம் இது. பாறை மேல் நிற்கும் அதுல்யநாதேசுவரர் கோயில். அங்கே கண்மூடி உட்கார்ந்தபோது எங்கும் ஒரே ஒளியாகத் தெரிந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நடை சாத்தும் நேரம் என்று எழுப்பிவிட்டார்கள். ஆற்றைத் தாண்டிக் கீழூர் வீரட்டேசுவரர் கோயிலுக்குப் போனான். அடுத்த நாள் கோகுலாஷ்டமி. பசித்து வந்த பையனுக்கு முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதிலிருந்த கடுக்கனை அடகாக வைத்துக்கொண்டு நாலு ரூபாய் கொடுத்தார்கள். இரவு ஸ்டேஷனில் படுத்து, செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை திருவண்ணாமலையில் இறங்கினான். மதுரையிலிருந்து மூன்று இரவு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மிச்சமிருந்த மூன்றரை ரூபாயை அய்யங்குளத்தில் எறிந்தான். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல், அந்த ஊரை விட்டு வேறெங்கும் போகவில்லை.

அரகண்டநல்லூருக்கு அதைவிடப் பழைய ஒரு பெருமையும் உண்டு. திருஞானசம்பந்தர் இங்கிருந்துதான் முதலில் அண்ணாமலையைத் தரிசித்தார் என்பது மரபு. படியேறி மேலே போய் அந்தப் பக்கம் நின்றோம். கீழே ஆற்றில் புது வெள்ளம், நடுவே கபிலர் குன்று. வடமேற்கே 32 கிலோமீட்டர் தள்ளி மலை. விமான ஜன்னலில் பார்த்த அதே முக்கோணம்தான், இப்போது இரண்டு மடங்காக. பக்கத்தில் நின்ற தங்கை எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நீங்களும் இந்த மலைக்கு வருவதானால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னை நிலையமே வசதி. இறங்கியபின் இன்னும் நாலு மணி நேரம் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு விமானத்தில் வந்து களைத்தவர்கள் அன்றே கிரிவலம் போக வேண்டாம். தெற்கேயிருந்து வருகிறவர்கள் விமானத்தை மறந்துவிட்டு, திருக்கோவிலூர் வழியாகவே வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் அரகண்டநல்லூரில் இறங்கிப் படியேறுங்கள். மழை பெய்து விட்ட காலையாக இருந்தால் மலை தெரியும்.